கணுக்கால்ல நரம்பு அமுங்கியிருக்காம், பிசியோ பண்ணா வலி கூடுது

ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன், ஒரு நாளைக்கு 9 மணி நேரம் நின்னே வேலை. நாலு மாசமா வலது உள்ளங்கால் சாயங்காலம் ஆனா திகுதிகுன்னு எரியுது, கட்டைவிரல் மதமதன்னு இருக்கு, ராத்திரி போர்வை பட்டாலே தாங்கல. குதிகால் வலின்னு நெனச்சு எம்சிஆர் செருப்பு (மெத்துன்னு இருக்கிற ரப்பர் செருப்பு) வாங்கிப் போட்டேன், வேஸ்ட். அப்புறம் ஆர்த்தோ டாக்டர் கணுக்கால் உள்பக்க எலும்புக்குப் பின்னாடி விரலால தட்டினாரு பாருங்க, சுரீர்னு கட்டைவிரல் வரைக்கும் ஷாக்! டார்சல் டனல், அதாவது அந்த எடத்துல நரம்பு அமுங்கியிருக்குன்னு சொல்லி பிசியோவுக்கு அனுப்பிட்டாரு. அங்க துண்டை பாதத்துல மாட்டி இழுத்து 30 செகண்ட் புடிக்கச் சொல்றாங்க, அன்னிக்கு ராத்திரி தூக்கமே போச்சு. விட்ரலாமா?

மதுரை பிசியோ:
பிசியோவ விடாதீங்க, அந்த இழுப்ப மட்டும் நிறுத்துங்க. தசைய இழுக்கிற மாதிரி அமுங்கின நரம்ப இழுத்துப் புடிச்சா அது இன்னும் கோவப்படும். அத வழுக்கி விடணும், அவ்ளோதான். சேர்ல உக்காந்து முட்டிய நீட்டும்போது பாதத்த கீழ இறக்குங்க, முட்டிய மடக்கும்போது பாதத்த மேல தூக்குங்க. நிறுத்திப் புடிக்காம மெதுவா 10 தடவ. ராத்திரி எரிச்சல் கூடுச்சுன்னா டோஸ் அதிகம்னு அர்த்தம், பாதியா குறைங்க. இன்னொன்னு, ஈரக்கால் தடம் தரையில முழுசா பதியுதா? தட்டைப்பாதம்னா நிக்க நிக்க கால் உள்பக்கம் சாயும், நரம்பு இழுபடும், ஆர்ச் சப்போர்ட் (உள்ளங்கால் வளைவ தாங்குற இன்சோல்) இல்லாம எக்சர்சைஸ் மட்டும் பண்ணா சரியாகிறது கஷ்டம்.

சேலத்துக்காரன்:
சுகர் பாத்தீங்களா ப்ரோ? எங்கப்பாவுக்கும் இதே எரிச்சல்தான், ஆனா ரெண்டு கால்லயும், கடைசில சுகர். பி12 டெஸ்டும் சேத்து எடுத்துருங்க.

மீனாக்கா:
தம்பி, கடைல ஸ்டூல் கேளுங்க, 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, உக்கார எடம் குடுத்தே ஆகணும். எனக்கு இதே பிரச்சனை, இன்சோல் போட்டு ரெண்டு மாசம் கழிச்சுதான் ராத்திரி எரிச்சல் விட்டுச்சு, அதுவரைக்கும் டெய்லி பிசியோவ திட்டிக்கிட்டேதான் பண்ணேன்.

கேள்வி கேட்டவர்:
சுகர் நார்மல்தான் ப்ரோ. இப்பதான் பாத்ரூம் வாசல்ல ஈரக்காலோட நின்னு பாத்தேன், வலது தடம் முழுசா அப்பளம் மாதிரி இருக்கு, இடதுல நடுவுல வளைவு தெரியுது. ஸ்டூல் இருக்குக்கா, அதுல ஓனர் பில் புக்கு வச்சிருக்காரு.

மதுரை பிசியோ:
அப்ப இன்சோல்லேந்து ஆரம்பிங்க. அந்த எலும்புக்குப் பின்னாடி கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டாலோ விரல் பலம் கொறஞ்சாலோ ஸ்கேன் பண்ணாம இருக்காதீங்க.