வேட்பாளர் எண்டா வேட்டைக்குப் போறவரா?

கல்லடிக்காரன்:
ஒரு சின்னச் சந்தேகம் மக்காள். நேத்து களுவாஞ்சிக்குடியில பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள மதில்ல ஒரு பழைய எலெக்சன் நோட்டீஸ், மூஞ்சியெல்லாம் கிழிஞ்சு போய் 'வேட்பாளர்' எண்ட சொல்லு மட்டும்தான் மிச்சம். மகள் எட்டாம் ஆண்டு, "அப்பா, வேட்டைக்குப் போறவரா வேட்பாளர்?" எண்டாள், பக்கத்தில நிண்ட கிழவர் ஓம் புள்ள அதேதான் எண்டு சிரிக்கிறார். எனக்குப் பதில் வரல்ல. எங்கட அம்மா இன்னும் அபேட்சகர் எண்டுதான் சொல்லுவா, அது என்ன?

பென்சன் வாத்தி:
வேட்டை இல்ல தம்பி, அடி 'வேள்'. வேள் எண்டா விரும்பு, ஆசைப்படு. நள்ளோட பு சேர்ந்து நட்பு ஆகிற மாதிரி வேளோட பு சேர்ந்து வேட்பு, வேட்கையும் அங்கயிருந்துதான். 643ஆம் குறள்ல "கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்" எண்டு வருது, கேக்காதவங்களும் விரும்புற மாதிரிப் பேசுறதாம். மேடையில ஏறுறவங்களுக்கெண்டே எழுதின மாதிரி இல்ல? ஆக வேட்பாளர் எண்டா பதவிக்கு ஆசைப்பட்டவர், அவ்வளவுதான். நாங்க "இந்தமுற அவரும் எலெக்சன் கேக்கிறாராம்" எண்டுறம், அதுவும் கிட்டத்தட்ட அதுதான்.

அம்பாறை கிளாக்கர்:
அபேட்சகரும் அதே கருத்துத்தான், அபேக்ஷா எண்ட வடமொழிச் சொல்லில இருந்து வந்தது. எங்கட ஒபிஸ்ல சிங்கள ஆக்கள் இண்டைக்கும் அபேக்ஷகயா எண்டுதான் சொல்றாங்க, அதால எனக்கு அம்மாட சொல்லு பழசாவே தெரியல்ல. இதில இன்னொண்டு, அவர் வேட்கிறார், நாங்க கட்சிக்குப் போட்டிட்டு அதில பிடிச்ச ஆளுக்குப் போடுறது விருப்பு வாக்கு. ரெண்டு பக்கமும் ஆசைதான் 😄 பாராளுமன்றத்தில மட்டக்களப்புக்கு 5 சீட், ஒரு கட்சிக்கு 8 பேர் ஆசைப்படலாம், நமக்கு 3 விருப்பு.

மீன்பாடும் தேன்நாடு:
இங்கிலீஷ்ல கேண்டிடேட் எண்டுறதுக்கு ஆசையோட சம்பந்தமே இல்ல, உடுப்போடதான். லத்தீன்ல கேண்டிடுஸ் எண்டா பளிச்செண்ட வெள்ளை. பழைய ரோம்ல பதவி கேக்கிறவங்க மேல போடுற டோகாவில சோக்குத் தேச்சு இன்னும் வெள்ளையாக்கிக்கொண்டு சந்தைப்பக்கம் போய் ஆக்கள்ட கையப் பிடிப்பாங்களாம், வெள்ளை உடுத்தவர் எண்டதுதான் கேண்டிடாட்டுஸ். கி.மு. 432ல இப்பிடி வெள்ளையடிக்கக் கூடாதெண்டு சட்டமே போட்டிருக்காங்க, ஆனா கி.மு. 64ல சிசரோ எண்ட ரோமப் பேச்சாளர் தன்னோட போட்டி போட்டவங்களத் திட்டின பேச்சுக்குப் பேரே அந்த வெள்ளை டோகாதான், அப்ப சட்டத்த ஆர் மதிச்ச? நம்மட ஆக்கள் நியமனப்பத்திரம் குடுக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகக்குள்ள அயன் பண்ணின வெள்ளை வேட்டியோட போறது ரோமைப் பாத்தில்ல, ஆனா பாக்கக்குள்ள அதுதான் ஞாபகம் வருது.

கல்லடிக்காரன்:
எல்லாத்தையும் மகளுக்கு வாசிச்சுக் காட்டினன், வேட்டைய விட்டுட்டாள். இப்ப நட்பு மாதிரி 'ள்' 'ட்' ஆகிற சொல்லாத் தேடிக்கொண்டு திரியிறாள். 'வெட்கம்' எண்டு கொண்டுவந்து நிக்கிறாள், அது வருமா சேர்?

பென்சன் வாத்தி:
வரும் வரும். பழைய தமிழ்ல 'வெள்கு' எண்டா வெட்கப்படு. கெட்டிக்காரி. ஆனா வேட்பாளருக்கும் அதுக்கும் உறவில்ல எண்டு சொல்லிவிடுங்க.