மதிப்பான உறவுகளும் துன்புறுத்தல் தடுப்பும்: பள்ளியில் பாடமாக்கலாமா?

வினா

என் மகள் ஐந்தாம் வகுப்பிலும் மகன் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். பிறரை மதித்துப் பழகுதல், சம்மதம் கேட்டல், மறுப்பை ஏற்றல், பாலியல் சீண்டலை இனங்கண்டு நம்பகமான பெரியவரிடம் சொல்லுதல் ஆகியவற்றை அடுத்த கல்வியாண்டிலிருந்து தனிப் பாடவேளையாக நடத்துவது குறித்து அவர்களுடைய பள்ளி பெற்றோரிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. இதற்காகக் கூடிய கூட்டத்தில், இதையெல்லாம் வீட்டில்தான் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு சாராரும், வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதால்தான் பள்ளி சொல்ல வேண்டியிருக்கிறது என்று மறு சாராரும் வாதிட்டார்கள். எந்த முடிவுக்கும் வராமல் கலைந்தோம். பெற்றோர் சார்பில் கருத்துரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

கொள்கை அளவில் நான் இதை ஆதரிக்கிறேன். ஆயினும் சில கேள்விகள் உறுத்துகின்றன. இத்தகைய வகுப்புகளால் பயன் விளைந்ததற்குச் சான்று இருக்கிறதா? பத்து வயதுக் குழந்தையின் மனத்தில் அவை தேவையற்ற அச்சத்தை விதைத்துவிடுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, "வேண்டாம் என்று சொல், அங்கிருந்து விலகு, வந்து சொல்" என்று கற்றுக்கொடுப்பதன் மூலம், குழந்தையைக் காக்க வேண்டிய பெரியவர்களின் கடமையை அவள் தலையிலேயே சுமத்துகிறோமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – ஓர் ஆசிரியை

அம்மா, தங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் ஆய்வுகளிலிருந்து விடை சொல்லிவிடலாம். அந்த ஒன்றுக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்துதான் விடை சொல்ல முடியும்.

பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய பாடத்தை நடத்தி முடித்த ஒரு மாலையில், எல்லாரும் வகுப்பை விட்டுச் சென்ற பிறகும் ஒரு மாணவி கரும்பலகையைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டிருந்தாள். "நான் ஒன்று சொன்னால் நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே?" என்று கேட்டாள். அவளைத் தேற்றும் அவசரத்தில், "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்பது தெரிந்தது. மறுநாள் வேறு பெரியவர்கள் அவளிடம் பேசியபோது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்களுக்கு அளிக்கப்பட்ட ஒரு பிற்பகல் பயிற்சியில் பாடத்தை எப்படி நடத்துவது என்று சொல்லித்தந்தார்களே தவிர, ஒரு குழந்தை வாய் திறந்தால் என்ன செய்வது என்று எவரும் சொல்லித்தரவில்லை.

பிற்பாடு கற்றுக்கொண்டது இதுதான். "உன்னைப் பாதுகாப்பதற்காக நான் வேறொருவரிடம் சொல்ல வேண்டிவரலாம், ஆனால் யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உனக்குச் சொல்வேன்" என்றுதான் தொடங்க வேண்டும். குறுக்கு விசாரணை கூடாது. "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது, ஏனெனில் அவை குற்றத்தைக் குழந்தையின் பக்கம் திருப்பிவிடும். அவள் பயன்படுத்திய சொற்களிலேயே அன்றே குறித்துவைத்து, பொறுப்பானவரிடம் அன்றே ஒப்படைக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத பள்ளியில் குழந்தையைப் "பேசு" என்று ஊக்குவிப்பதை நான் எதிர்க்கிறேன். கேட்க ஆளில்லாத இடத்தில் பேசச் சொல்வது அவளை இரண்டாம் முறை கைவிடுவதாகும்.

இனி ஆய்வுகள். பள்ளிகளில் நடத்தப்படும் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு வகுப்புகளைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 24 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 5,802 மாணவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. வகுப்புகளுக்குப் பின் குழந்தைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடின என்பதையும், அறிவு சில மாதங்களுக்கு மறையாமல் நின்றது என்பதையும், குழந்தைகளிடம் அச்சமோ பதற்றமோ அதிகரித்ததாகத் தெரியவில்லை என்பதையும் அது பதிவு செய்தது. ஆனால் துன்புறுத்தல் உண்மையில் குறைகிறது என்று அது நிறுவவில்லை. நம்மைப் போன்ற ஆதரவாளர்கள் இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பாடநூலைக் கையில் வாங்கியதும் ஒன்றைப் பாருங்கள். "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்ற பழைய பிரிவினை அதில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். துன்புறுத்துபவர் பெரும்பாலும் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர், அன்பாகப் பழகியவர், பரிசு தந்தவர். அவருடைய தொடுதல் கெட்டதாகத் தோன்றாமலே போகலாம். அப்போது குழந்தை தன்னைத்தான் கெட்டவளாக நினைத்துக்கொள்கிறாள். "பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்" என்று சொல்வதும், உடல் உறுப்புகளின் சரியான பெயர்களைக் கற்பிப்பதும், "இது நமக்குள் இருக்கட்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை மட்டும் கட்டாயம் வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குவதும் அதைவிடப் பயன் தரும்.

பதில் – மாற்றுக் கருத்துள்ள ஒரு தந்தை

ஆசிரியை எழுதியதை மதிக்கிறேன். அவர் சொன்ன குறையே என் எதிர்ப்புக்கும் காரணம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அரைநாள் பயிற்சி பெற்ற ஒருவர், முப்பது நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில், ஒவ்வொரு குழந்தையின் வீட்டுச் சூழலும் தெரியாமல் இதைப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. என் மகள் தன் தாத்தாவின் மடியில் அமரத் தயங்கும் நிலை வந்தால் அந்த இழப்புக்கு யார் பொறுப்பு? என் மகனின் வகுப்பில் ஆண்கள் எல்லாரும் குற்றவாளிகளாகக்கூடியவர்கள் என்ற தொனியில் பாடம் நடந்தால், அவன் மதிப்பைக் கற்பானா, கசப்பைக் கற்பானா? பெற்றோரைக் கேட்காமல் பாடத்தை நுழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2019இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஓர் ஆரம்பப் பள்ளியின் வாயிலில் நடந்த போராட்டங்களே எடுத்துக்காட்டு. பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் குழந்தைக்கு எந்தச் சொற்களில் சொல்லப்படுகிறது என்பதை முன்னதாக அறியும் உரிமை வேண்டும் என்கிறேன்.

பதில் – ஓர் உளவியல் ஆலோசகர்

ஐயா, முன்னதாக அறியும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பாடநூல், காணொளி, பயிற்சித்தாள் அனைத்தையும் பெற்றோர் பார்த்த பிறகே வகுப்பு தொடங்க வேண்டும். ஆனால் அறியும் உரிமையும் தடுக்கும் உரிமையும் வெவ்வேறு. அவை கலந்துவிடும்போதுதான் விவாதம் முட்டுச்சந்தில் நிற்கிறது.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே 2020 செப்டம்பர் முதல் ஆரம்பப் பள்ளிகளில் உறவுகள் பற்றிய கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அதிலிருந்து பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ள முடியாது. பாலியல் கல்விப் பகுதியிலிருந்து விலக்கு கேட்கலாம். அதுவும் பிள்ளைக்குப் பதினாறு வயது நிறைவதற்கு மூன்று பருவங்களுக்கு முன்பு வரைதான், அதன் பிறகு மாணவரே விரும்பினால் கற்கலாம். எது குடும்பத்தின் தேர்வு, எது எந்தக் குழந்தைக்கும் மறுக்கக்கூடாத பாதுகாப்பு என்று பிரித்துப் பார்த்ததில் ஒரு தெளிவு இருக்கிறது. நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் கசப்பானது. துன்புறுத்துபவர் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் குழந்தைக்கு, வீட்டின் அனுமதியோடு மட்டுமே பாதுகாப்புப் பாடம் கிடைக்கும் என்றால், மிகவும் தேவைப்படும் குழந்தைக்கே அது கிடைக்காமல் போகும். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, பெற்றோரின் பராமரிப்பில் இருக்கும்போதும் குழந்தையை வன்முறையிலிருந்து காக்கும் கடமையை அரசுகளுக்கு விதிப்பதும் இதனால்தான்.

தாத்தாவின் மடியைப் பற்றிச் சொன்னீர்கள். அமர விரும்பும் குழந்தை அமரட்டும்; விரும்பாத நாளில் "பரவாயில்லை, கண்ணு" என்று தாத்தா சொன்னால், தன் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்பதை அவள் அந்த வீட்டிலேயே கற்றுக்கொள்கிறாள். அன்பு குறைவதை என் பணியில் கண்டதில்லை. கட்டாயப்படுத்தி முத்தம் கொடுக்க வைக்கப்பட்ட குழந்தைகள், பிற்காலத்தில் வேறொருவரின் கட்டாயத்தையும் இயல்பானதாக ஏற்றுக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

மூத்த மாணவர்களைப் பற்றி இந்த இழையில் யாரும் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பு மகனுக்குத் தேவைப்படுவது தொடுதல் பாடம் அன்று. கைப்பேசிக் கடவுச்சொல்லைக் கேட்பதும், யாருடன் பேசலாம் என்று தீர்மானிப்பதும், பிரிந்தால் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவதும் அன்பின் அடையாளங்கள் அல்ல என்று அவனுடைய வயதில்தான் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப்படி, துணையுடன் உறவில் இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் அந்தத் துணையிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை எதிர்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வயதினரிடம் நடத்தை மாற்றத்துக்கும் சான்று உண்டு. கனடாவில் ஒன்பதாம் வகுப்பினருக்கு, எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றோடு உறவையும் நான்காவது அடிப்படைத் திறனாகக் கருதி வடிவமைக்கப்பட்ட 21 பாடங்களை பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர்களே நடத்தினார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், காதல் உறவில் உடல் வன்முறை செய்ததாகக் கூறியவர்கள் பாடம் பெறாத பள்ளிகளில் 9.8 விழுக்காடு, பாடம் பெற்ற பள்ளிகளில் 7.4 விழுக்காடு. பயன் அதிகம் தெரிந்தது ஆண் பிள்ளைகளிடம்தான். கோபத்தை எப்படிச் சொல்வது, மறுக்கப்படும்போது எப்படி விலகுவது, நண்பன் எல்லை மீறும்போது எப்படித் தடுப்பது என்று நடித்துப் பார்த்துப் பழகினார்கள். ஐயா, தங்கள் மகனைக் குற்றவாளியாகப் பார்க்கும் பாடம் இப்படி அமையாது. அப்படி ஒரு பாடம் வந்தால் நானும் தங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. கருத்துரையின் வரிசையை மாற்றிவிட்டேன். ஒரு குழந்தை பேசினால் யார் கேட்பது, யாரிடம் சொல்வது என்ற எழுத்துப்பூர்வமான நடைமுறையும், அலுவலகப் பணியாளர், வாகன ஓட்டுநர் உட்பட அனைவருக்கும் பயிற்சியும் முடிந்த பின்னரே மாணவர் வகுப்பு தொடங்க வேண்டும் என்பது முதல் பத்தி. அதற்கு முன் பெற்றோருக்கு முழுப் பாடமும் காட்டப்பட வேண்டும் என்பது இரண்டாவது. இது தந்தை அவர்கள் கேட்டது. பாதுகாப்புப் பகுதியிலிருந்து எந்தக் குழந்தைக்கும் விலக்கு இல்லை என்ற மூன்றாவது பத்தியில் அவர் கையெழுத்திட மாட்டார் என்று நினைக்கிறேன். அவருடைய மறுப்பையும் அவருடைய சொற்களிலேயே கருத்துரையில் இணைக்கிறேன்.

நேற்றிரவு மகளிடம், "என்னிடம் சொல்ல முடியாத ஒன்று இருந்தால் யாரிடம் சொல்வாய்?" என்று கேட்டேன். சற்றும் தயங்காமல் தன் நூலக ஆசிரியையின் பெயரைச் சொன்னாள். பயிற்சி பெற வேண்டியவர்களின் பட்டியலில் அவர் இல்லை. இன்று காலை சேர்த்தேன்.