முழுவளவா, மெய்யளவா?

கோப்பாய், ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தரம் 10க்கான மின்வானூர்திப் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 1957இல் இங்கிலாந்தில் டாப்ளின் வெள்ளி-நாகப் பற்றரியால் ஒரு மாதிரி வானூர்தியைப் பறக்கவிட்டார். மாதிரி வானூர்திகளில் கைதேர்ந்த மிலிட்கியின் முயற்சியால் 1973இல் ஒஸ்ரியாவில் ஆளோடு ஒன்று பறந்தது. மாதிரி அல்லாத இதை எப்படிச் சொல்வது? 'முழுவளவு வானூர்தி' என்று எழுதினேன். "ரீச்சர், அது முழு வளவையும் பிடிக்குமோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளையின் காது கூர்மை, 'முழு வளவு' என்று வீட்டுக்காணியாகக் கேட்டிருக்கிறாள். ஆனால் புணர்ச்சியில் பிழையில்லை. 'முழு' முற்றியலுகரம், அந்த உகரம் கெடாது, வகர உடம்படுமெய் வரத்தான் வேண்டும். 'மெய்யளவு' என்று வைப்போம். மெய் உண்மையுமாகும், உடம்புமாகும்.

வட்டுக்கோட்டை, பொறியியலாளர்:
ஐயா, சொல் அழகுதான். ஆனால் இலக்கணத்தில் மெய்க்கு அளவு அரை மாத்திரை அல்லவா? முழுதைக் குறிக்க அரையா?

எந்தச் சொல்லானாலும் சரி, மாதிரியைப் பெருப்பித்தால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது. நீளம் இரண்டு மடங்கானால் இறக்கைப் பரப்பு 4 மடங்கு, எடையோ 8 மடங்கு. கிலோவுக்கு, லிதியம்-அயன் பற்றரி தருவது ஏறத்தாழ 250 வாற்று-மணி சக்தி. ஜெற் எரிபொருளில் இருப்பது ஏறத்தாழ 12,000. எரிபொருள் பறக்கப் பறக்கக் குறையும், பற்றரியைக் கடைசிவரை சுமக்கவேண்டும். 2020இல் ஐரோப்பியச் சான்று பெற்ற வெலிஸ் எலெக்ட்ரோவும் இருவர் அமரும் பயிற்சி வானூர்திதான். ஒரு மணி நேரம்கூடப் பறக்காது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
'சக்தி'யா? 'ஆற்றல்' என்பதுதானே சரி?

வட்டுக்கோட்டை:
உங்கள் ஆற்றல் எங்கள் பாடநூலில் சக்தி. உங்கள் திறன் இங்கே வலு. பிள்ளைகள் சோதனை எழுதுவது இங்கே, அண்ணா.

சென்னை:
இப்படியே போனால் இரண்டு கரைக்கும் இரண்டு அகராதி. அப்புறம் 'ஆளேறு வானூர்தி' என்றால் என்ன?

கோப்பாய்:
முழு உருவில் செய்து ஆளில்லாமல் பறக்கவிடுவதும் உண்டே. அதற்கு அந்தப் பெயர் ஒட்டாது. மூன்று பேர் தனிமடலில் 'முழு அளவு' போதும் என்கிறார்கள். இடைவெளி விட்டு அப்படியே போடுகிறேன்.

நல்லூர்:
இடைவெளி விட்டாலும் வாசிக்கிற வாய் வகரத்தைச் சேர்த்துக்கொள்ளும், பிள்ளை. 'மெய்யளவு' என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கோ.