பிளக் பாயிண்ட் படுத்தும் பாடு

அட்லாண்டா தம்பி: மாமா, லேனியர் ஏரியில் நிற்கிற எங்கள் படகு 1987 மாடல். சமையல் மேடைப் பக்கத்து ஜிஎப்சிஐ பிளக் பாயிண்ட் நேற்றிலிருந்து டிரிப் ஆகிறது. ரீசெட்டை அழுத்தினால் உடனே டக்கென்று விழுகிறது.

சித்தி: ஜிஎப்சிஐ என்றால்?

கப்பல் மாமா: கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் பாயிண்ட். நம் வீட்டு மெயின் பெட்டியில் அதே வேலை பார்க்கும் ஆர்சிசிபி மாதிரி. இங்கே 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும், அது ஐந்துக்கே விழும். என்னென்ன சொருகியிருக்கிறாய்?

அட்லாண்டா தம்பி: ஒன்றுமே இல்லை. பக்கத்துப் படகுக்காரர் சாதாரண பாயிண்டாக மாற்றிவிடச் சொல்கிறார்.

கப்பல் மாமா: மாற்றாதே.

அம்மா: பிள்ளைகள் குதித்துக் குளிக்கிற வீடியோ போட்டாயே, அது எந்த இடம்டா?

அட்லாண்டா தம்பி: இங்கேதான் அம்மா, படகு பக்கத்திலேயே.

கப்பல் மாமா: முதலில் அவர்களைக் கரையேற்று! கரையிலிருந்து கேபிளில் கரண்ட் வாங்கும் படகுப் பக்கம் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஏரி உப்பில்லாத நல்ல தண்ணீர். அதைவிட நம் உடம்பில் கரண்ட் சுலபமாகப் பாயும். கை கால் மரத்துப்போய் மூழ்கிவிடுவார்கள்.

அட்லாண்டா தம்பி: ஏறிவிட்டார்கள் மாமா.

கப்பல் மாமா: சரி. பிரேக்கரை ஆஃப் செய், கரைக் கேபிளைக் கழற்று, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்து. டெஸ்டரில் பார்த்துவிட்டுப் பாயிண்டைத் திற. பின்னால் ‘லோட்’ என்று போட்ட இடத்து ஒயர் இரண்டையும் எடுத்து டேப் சுற்று. அப்புறம் கரண்ட் கொடு.

சித்தப்பா: காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாகட்டும்.

அட்லாண்டா தம்பி: மாமா, இப்போது விழவில்லை!

கப்பல் மாமா: பாயிண்ட் நல்லதுதான், பழுது அதைத் தாண்டி. கப்பலில் கரண்ட் கசிவைக் காட்ட மூன்று எர்த் லாம்ப் இருக்கும். ஒன்று மங்கினால் ஒவ்வொரு சுவிட்சாக ஆஃப் செய்வோம். எதை அணைத்ததும் லாம்ப் தெளிகிறதோ, அந்த லைனில் கோளாறு. அந்த லோட் ஒயர் எங்கே போகிறது?

அட்லாண்டா தம்பி: பின்தளத்துப் பாயிண்டுக்கு. திறந்துவிட்டேன். பெட்டிக்குள் தண்ணீர். வெள்ளை ஒயர், அதாவது நியூட்ரல், தோலுரிந்து எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் எதுவும் ஓடாதபோது ஏன் விழுந்தது?

கப்பல் மாமா: நியூட்ரலும் எர்த்தும் தொட்டாலே ஜிஎப்சிஐ மோப்பம் பிடித்துவிடும், எதுவும் ஓட வேண்டியதில்லை. கரைக் கரண்டில் ஓடும்போது அவை இரண்டும் கரையில்தான் சேர வேண்டும், படகுக்குள் சேரக் கூடாது. டின் பூசிய பலபுரி செம்பு ஒயராகப் போடு. ஒற்றைக் கம்பி ஆட்டத்தில் முறிந்துவிடும். பக்கத்துப் படகுக்காரர் தன்னுடையதை மாற்றிவிட்டாரா, கேள்.

அட்லாண்டா தம்பி: கேட்டேன். இரண்டு பாயிண்ட் மாற்றியிருக்கிறாராம், போன வருடமே.

அம்மா: பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போடா.