பாஸுக்கு என்வலப் ஃபில்டர்: பிளெண்ட் இல்லாம வாங்கலாமா கூடாதா?

நாலுகம்பி:
வணக்கம் மக்களே. ரெண்டு மாசமா மண்ட காஞ்சு போய் கெடக்கேன், யாராவது ஒரு வழி சொல்லுங்க. எங்க பேண்ட்ல ரெண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, ட்ரம்ஸ், பாஸ் நான். ரெண்டே ரெண்டு பாட்டுக்கு மட்டும் அந்த 'க்வாக் க்வாக்'னு வாயத் தொறந்து மூடற மாதிரி வர்ற ஃபங்க் சவுண்டு வேணும். அதுக்குத்தான் என்வலப் ஃபில்டர், நாம தட்டற பலத்துக்கு ஏத்த மாதிரி தொறந்து மூடற பெடல். கடைசியா ரெண்டு பெடல்ல வந்து நிக்குது, எம்எக்ஸ்ஆர் பாஸ் என்வலப் ஃபில்டர் ஒண்ணு, எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸோட மைக்ரோ க்யூ-ட்ரான் ஒண்ணு. மொத பெடல்ல ட்ரைக்கு (ஃபில்டர் படாத சாதா சவுண்டு) ஒரு நாப், எஃபெக்ட்டுக்கு ஒரு நாப்னு தனித்தனியா இருக்கு, ரெண்டையும் கலக்கற இதத்தான் பிளெண்ட்னு சொல்றாங்க, ரெண்டாவதுல அந்த மாதிரி எதுவும் கெடையாது. பிளெண்ட் இல்லாட்டி பாஸே காணாம போயிடும்னு ஒருத்தர் பயமுறுத்தறார், பிளெண்ட் போட்டா சவுண்டே செத்துடும்னு இன்னொருத்தர் சொல்றார். இதுல கூத்து என்னன்னா ஃப்ரெண்டோட பெடல ஒரு நாள் கடன் வாங்கிப் பாத்தேன், அவன் பாஸ்ல அட்டகாசமா பேசுது, அதே பெடல் அதே ஆம்ப், என் பாஸ்ல போட்டா எவனோ தலகாணிக்குள்ள மூஞ்ச வெச்சு முனகற மாதிரி இருக்கு.

அடித்தளம்:
தம்பி, ரெண்டு கிட்டார் ஒரு கீபோர்டுனு சொன்ன உடனேயே பதில் முடிஞ்சிடுச்சு. பிளெண்ட் உள்ளத வாங்கு. நான் ஒரு தடவ பிளெண்ட் இல்லாத ஃபில்டர மேடையில மிதிச்சேன், ட்ரம்மர் திரும்பி என் ஆம்ப் அணைஞ்சு போச்சானு எட்டிப் பாத்தாரு. வீட்ல தனியா உக்காந்து வாசிக்கறப்ப எல்லாம் தேன் மாதிரிதான் இருக்கும், பேண்டோட நின்னாத்தான் தெரியும். நம்ம மொத வேல கிக் ட்ரம்ம கெட்டியா புடிச்சுக்கிட்டு நிக்கறது, க்வாக் எல்லாம் அப்புறம்.

வாத்துக்குரல்:
அடித்தளம் அண்ணே, அந்த மேடையில பெடல் எந்த மோட்ல இருந்துச்சுனு சொல்லவே இல்லையே. பேண்ட்பாஸ்ல வெச்சுட்டு மிதிச்சிருப்பீங்க, அதான் ட்ரம்மர் திரும்பிப் பாத்திருக்காரு. பேண்ட்பாஸ்னா (இது 'விடறது'ங்கற pass, நம்ம பாஸ் கிட்டார் இல்ல) நடுவுல ஒரு துண்ட மட்டும் விட்டுட்டு மேலயும் கீழயும் வெட்டிடும், லோ ஈ தந்தியோட அடிநாதம் 41 ஹெர்ட்ஸ்ல இருக்கு, ஃபில்டர் 500 கிட்ட போய் நிக்கறப்ப அது எப்படி கேக்கும்? லோபாஸ்ல போட்டா கட்டாஃபுக்கு (ஃபில்டர் வெட்ட ஆரம்பிக்கற எடம்) கீழ இருக்கறது எல்லாம் அப்படியே வரும், அடிநாதம் எங்கயும் ஓடிப்போகாது. மைக்ரோ க்யூ-ட்ரான்ல லோபாஸ், பேண்ட்பாஸ், ஹைபாஸ் மூணும் இருக்கு. நம்ம எல்லாருக்கும் இந்த சவுண்டு மேல ஆசை வந்ததுக்குக் காரணமான ஃபங்க் பாஸ் வாசிப்பாளர் பூட்ஸி காலின்ஸ் மிதிச்ச பழைய பெடல் மியூ-ட்ரான் 3-ல ஏதுண்ணே பிளெண்ட் நாப்? ட்ரைய கலக்கறது பாயாசத்துல தண்ணி ஊத்தற கத. பாதி ஃபில்டர் பாதி சாதா பாஸ்னு கேக்கறவனுக்கு ரெண்டும் திருப்தியா இருக்காது.

சும்மாவந்தேன்:
பாப்கார்ன் எடுத்துட்டு வந்துட்டேன், நடத்துங்க.

அடித்தளம்:
வாத்துக்குரல் அம்மா, லோபாஸ்லயும் பாத்தாச்சு. தியரில அடிநாதம் அப்படியே வருது, கரெக்ட். ஆனா ரெசொனன்ஸ (க்யூ நாப், கட்டாஃப் பக்கத்துல இருக்கறத தூக்கிக் காட்டறது) ஏத்தினா என்ன ஆகுது? ஒரு முட்டு கெளம்பும், அது எந்த நோட்டுக்கு மேல வந்து உக்காருதோ அந்த நோட்டு மட்டும் இடி மாதிரி விழும், பக்கத்து நோட்டு பொத்துனு உள்ள போயிடும். மெதுவா தட்டினா ஃபில்டர் தொறக்கவே தொறக்காது, மொட்டையா ஒரு 'தும்' மட்டும்தான். பிளெண்ட் இருந்தா இந்த மேடு பள்ளத்த எல்லாம் ட்ரை சிக்னல் சமாளிச்சுக்கும். அப்புறம் பூட்ஸி பேர இழுக்காதீங்க, அவர் வெரலுக்கு எந்தப் பெடலும் அடங்கும், நம்ம வெரல் அப்படியா?

ஒத்தப்பொட்டி:
ரெண்டு பாட்டுக்காக எதுக்குப்பா தனி பெடலு? ஒரு மல்டி எஃபெக்ட் பொட்டி இருந்தா அதுலயே இருக்குமே. இல்ல தனியாதான் வேணும்னா சோர்ஸ் ஆடியோ ஸ்பெக்ட்ரம் மாதிரி டிஜிட்டல் ஃபில்டர் பாரு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு செட்டிங்க செஞ்சு சேவ் பண்ணி வெச்சுட்டா முடிஞ்சது. மேடையில இருட்டுல குனிஞ்சு சென்சிடிவிட்டி நாப (எவ்ளோ பலமா தட்டினா தொறக்கணும்னு வெக்கறது) திருகிட்டு நிக்கறது எல்லாம் இந்தக் காலத்துல தேவையா. அனலாக் அனலாக்னு அழறவங்கள கண்ணக் கட்டிட்டு கேக்கச் சொன்னா பாதிப் பேர் மாத்திச் சொல்லுவாங்க.

வாத்துக்குரல்:
கேக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாதுங்கறத ஒத்துக்கறேன் ஒத்தப்பொட்டி. வாசிக்கறவனுக்குத் தெரியும். மத்த பெடல் எல்லாம் நீ வாசிச்சதுக்கு மேல ஒரு கலர் பூசும், இது ஒண்ணுதான் நீ எவ்ளோ அழுத்தித் தட்டற, எங்க விடறங்கறதுக்கு பதில் சொல்லும். எனக்கு நாப திருகறதே சந்தோஷம், அத ஆப்ல பண்ணச் சொன்னா அழுதுடுவேன்.

சால்டரிங்:
பெடல் கட்டற ஆளா ஒண்ணு ரெண்டு சொல்லிட்டுப் போறேன், நீளமா போகும் மன்னிச்சுக்கோங்க. எல்லாரும் ஃபில்டரப் பத்தியே பேசறீங்க, என்வலப்பப் பத்தி யாரும் வாயத் தொறக்கல. இந்தப் பெடல்ல ரெண்டு வேல நடக்குது. ஒரு பக்கம் டிடெக்டர், நீங்க எவ்ளோ பலமா தட்டினீங்கன்னு அளந்து ஒரு வோல்டேஜா மாத்தும். இன்னொரு பக்கம் ஃபில்டர், அந்த வோல்டேஜ் ஏற ஏற தொறக்கும், எறங்க எறங்க மூடும். பாஸ்ல தகராறே அந்த டிடெக்டர்லதான். கிட்டாரோட கடைசி ஈ 82 ஹெர்ட்ஸ், ஒரு சுத்துக்கு 12 மில்லிசெகண்ட். பாஸ் ஈ 41, ஒரு சுத்துக்கு 24 மில்லிசெகண்ட். அஞ்சு கம்பி பாஸ்ல லோ பி 31 கிட்ட, அது 32 மில்லிசெகண்ட். கிட்டாருக்காக செஞ்ச டிடெக்டர் சீக்கிரம் எறங்கற மாதிரி இருந்தா, பாஸ் அலையோட ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவுல அது கொஞ்சம் எறங்கி மறுபடி ஏறும், ஃபில்டரும் கூடவே நடுங்கும், வழவழனு மூட வேண்டியது கரகரனு ஓடற பழைய மோட்டார் மாதிரி மூடும். நெறைய பேர் இத டிஸ்டார்ஷன்னு நெனச்சு ஆம்ப திட்டுவாங்க. மியூ-ட்ரான் 3 1972-ல மியூசிட்ரானிக்ஸ்ல மைக் பைகல் டிசைன் பண்ணது, உள்ள ஒரு விளக்கும் ஒளி பட்டா ரெசிஸ்டன்ஸ் மாறற போட்டோசெல்லும் இருக்கும், அந்த செல் மெதுவாத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், அந்த சோம்பேறித்தனமே நடுக்கத்த அமுக்கிடும். அது பாஸுக்கு அவ்ளோ அழகா ஒத்துப்போனதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் சொல்லுவேன். பின்னாடி க்யூ-ட்ரான டிசைன் பண்ணதும் அதே பைகல்தான். எம்எக்ஸ்ஆர்ல டிகே நாப் (எவ்ளோ மெதுவா மூடணும்னு வெக்கறது) இருக்கு, அத ஏத்தி வெச்சா அங்கயும் வழவழப்பு வரும். அதனால கடையில டெஸ்ட் பண்றப்ப மேல ஜி தந்தியில ஃபங்க் லிக் அடிச்சுப் பாத்து மயங்காதீங்க, லோ ஈல ஒரு நோட்ட நீளமா விட்டுட்டு அது மூடறத காது குடுத்துக் கேளுங்க.

அடித்தளம்:
இது உருப்படியான பேச்சு. ஆனா பிளெண்ட் சண்டைக்கு யார் பக்கம்னு சொல்லாம நழுவறீங்களே.

சால்டரிங்:
ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொட்டு விழும் அண்ணே. பிளெண்ட்னாலே லோ எண்ட் காப்பாத்தப்படும்னு இல்ல. ஃபில்டர் ஃபேஸ, அதாவது அலை ஏறி எறங்கற நேரத்த, மாத்தும், சில பெடல் சிக்னலயே தலகீழா திருப்பி வெளிய விடும், அதோட ட்ரைய வெளிய ஒரு பிளெண்டர் வெச்சு கலந்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னுட்டு பாஸ் இன்னும் மெலிஞ்சுதான் போகும். பெடலுக்குள்ளயே பாத்து செஞ்ச பிளெண்ட்னா கவலை இல்ல. அப்புறம் பேர பாத்து ஏமாறாதீங்க, அகுவிலார் ஃபில்டர் ட்வின்ல பிளெண்ட்னு ஒரு நாப் இருக்கு, அது ட்ரைய கலக்கறதில்ல, மேல போற ஃபில்டர் ஒண்ணு, கீழ போற ஃபில்டர் ஒண்ணு, அந்த ரெண்டுக்கும் நடுவுல கலக்கறது. வாத்துக்குரல் அக்காவுக்கும் ஒண்ணு: லோபாஸ்னா அடிநாதம் அப்படியே வரும்னு மொத்தமா சொல்ல முடியாது. மியூ-ட்ரான் மாதிரி ஸ்டேட் வேரியபிள்ங்கற சர்க்யூட் வகை ஃபில்டர்ல அது சரி, மூக் எம்எஃப்-101 மாதிரி லேடர்ங்கற இன்னொரு வகை ஃபில்டர்ல ரெசொனன்ஸ ஏத்த ஏத்த கீழ் பக்கம் தானா எளைக்கும்.

வாத்துக்குரல்:
ஒத்துக்கறேன். ஆனா தம்பி கேட்ட பெடல் லேடர் இல்லையே, என் கட்சி இன்னும் ஜெயிச்சுட்டுதான் இருக்கு :)

ஆமா தம்பி, ஒரு விஷயம் இவ்ளோ நேரமா உறுத்திட்டே இருக்கு. ஃப்ரெண்டு பாஸ்ல பேசுச்சு, உன் பாஸ்ல முனகுச்சுனு சொன்னியே. உன் பாஸ்ல என்ன தந்தி போட்டிருக்க? டோன் நாப் எங்க வெச்சிருக்க?

நாலுகம்பி:
ஃப்ளாட்வவுண்ட் (வழவழ தந்தி, சவுண்டு மந்தமா இருக்கும்) அக்கா, போட்டு ஒரு மூணு வருஷம் இருக்கும். டோன் எப்பவும் முழுசா மூடிதான் வெச்சிருப்பேன், அந்தப் பழைய கட்ட சவுண்டு எனக்குப் புடிக்கும். அவன்கிட்ட ரவுண்ட்வவுண்ட் (சொரசொர தந்தி, சவுண்டு பளிச்சுனு இருக்கும்), பேட்டரி போட்ட ஆக்டிவ் பாஸ்.

வாத்துக்குரல்:
அட கடவுளே. ரெண்டு மாசமா எந்தப் பெடல்னு தேடிட்டு இருந்தியா? ஃபில்டர் ஒரு கத்தரிக்கோல் தம்பி, இருக்கறத வெட்டத்தான் தெரியும், இல்லாதத தைக்கத் தெரியாது. மூணு வருஷ ஃப்ளாட்வவுண்ட், டோனும் மூடியாச்சுனா மேல் ஹார்மோனிக்ஸ் (அடிநாதத்துக்கு மேல வர்ற பளிச்சு ஒலி) ஒண்ணுமே மிச்சம் இல்ல, ஃபில்டர் வாயத் தொறந்தாலும் உள்ள இருந்து வர்றதுக்கு என்ன இருக்கு?

சால்டரிங்:
இதுதான் பாயிண்ட்டு. கூடவே அவன் ஆக்டிவ் பாஸோட அவுட்புட் ஜாஸ்தி இருந்திருக்கும், சென்சிடிவிட்டி அவனுக்கு செட் பண்ண இடத்துல உன் பாஸ் டிடெக்டர சொறியக்கூட இல்ல. டோன முழுசா தொற, சென்சிடிவிட்டிய ஏத்து, மறுபடி பாரு. ஃப்ளாட்வவுண்ட விட மனசில்லன்னா ஃபில்டருக்கு முன்னாடி ஒரு ஆக்டேவரோ (ஒரு ஸ்தாயி தள்ளி அதே நோட்ட சேக்கற பெடல்) லேசா ஒரு ஃபஸ்ஸோ (சவுண்ட கரகரப்பாக்கற பெடல்) வை, அது ஹார்மோனிக்ஸ செஞ்சு குடுக்கும். ஆனா ஃபஸ் எல்லா நோட்டையும் ஒரே ஒசரத்துக்கு அமுக்கிடும், அப்ப மெதுவா தட்டறதும் பலமா தட்டறதும் டிடெக்டருக்கு ஒண்ணாத்தான் தெரியும். க்யூ-ட்ரான் ப்ளஸ்ல இதுக்குன்னே ஒரு லூப் (வேற பெடல நடுவுல செருகற எடம்) இருக்கு, ஃபஸ்ஸ அதுல வெச்சா டிடெக்டர் உன் வெரல மட்டும் கேக்கும், ஃபில்டர் ஃபஸ்ஸ வெட்டும்.

ஒத்தப்பொட்டி:
என் பொட்டில இதெல்லாம் மெனுலயே

சும்மாவந்தேன்:
தெரியும் ப்ரோ, உங்க பொட்டில சாம்பார் கூட இருக்கும்.

நாலுகம்பி:
ஒரு சந்தேகம். என்கிட்ட கம்ப்ரெஸர் (சத்தத்த ஒரே அளவுக்கு சமப்படுத்தற பெடல்) ஒண்ணு எப்பவும் ஆன்லயே இருக்கும், அத ஃபில்டருக்கு முன்னாடி வெக்கணுமா பின்னாடியா?

அடித்தளம்:
பின்னாடி. முன்னாடி வெச்சா சால்டரிங் தம்பி ஃபஸ்ஸுக்குச் சொன்ன அதே கததான், பின்னாடி வெச்சா நான் சொன்ன அந்த முட்டு கெளம்பறதையும் சேத்து அடக்கும்.

வாத்துக்குரல்:
பாருங்க, கடைசில அண்ணனும் நானும் ஒரு விஷயத்துல ஒத்துப்போயிட்டோம். ஆனா ஸ்லாப் வாசிக்கறவங்க சில பேர் வேணும்னே முன்னாடி வெப்பாங்க, ஒவ்வொரு அடிக்கும் ஒரே அளவு தொறக்கணும்னு. எனக்கு அது உசுரில்லாத மாதிரி இருக்கும்.

நாலுகம்பி:
பத்து நாள் கழிச்சு வரேன். புது ரவுண்ட்வவுண்ட் போட்டேன் (மனசு வலிச்சுது), டோன தொறந்தேன், கம்ப்ரெஸர பின்னாடி தள்ளினேன். ஃப்ரெண்டு பெடலயே மறுபடி வாங்கிப் பாத்தேன், பேசுது! அப்புறம் ஒரு செகண்ட் ஹாண்ட் மைக்ரோ க்யூ-ட்ரான் சிக்குச்சு, வாங்கிட்டேன். சால்டரிங் அண்ணன் சொன்ன லோ ஈ டெஸ்ட் பண்ணேன், வழவழனுதான் மூடுது. நேத்து ரிகர்சல்ல லோபாஸ் மோட்ல போட்டு வாசிச்சேன்.

அடித்தளம்:
நல்லது. கிட்டார்காரன் என்ன சொன்னான், மறைக்காம சொல்லு.

நாலுகம்பி:
பாஸ் கேக்கலன்னு சொன்னான் அண்ணே.

அடித்தளம்:
நான் அன்னைக்கே

நாலுகம்பி:
முழுசா கேளுங்க அண்ணே, அவன் சொன்னது பெடல் ஆஃப்ல இருந்தப்ப! ஆன் பண்ணா சத்தம் அவ்ளோ தூக்குது, ஆஃப் பண்ண உடனே நான் ரூம விட்டு வெளிய போன மாதிரி இருக்காம்.

வாத்துக்குரல்:
ஹாஹாஹா. க்யூ நாப கொற தம்பி, அது முழுசா ஏறி நிக்கும். பாதிக்குக் கீழ கொண்டு வா, முட்டு தணியும்.

அடித்தளம்:
மைக்ரோல வால்யூம் நாப் கெடையாது, அதான் இந்தப் பாடு. நானோ க்யூ-ட்ரான்ல இருக்கு. எம்எக்ஸ்ஆர் வாங்கியிருந்தா எஃபெக்ட் நாப எறக்கி ட்ரைய ஏத்தி ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணியிருப்ப. சும்மா சொல்றேன்.

வாத்துக்குரல்:
சும்மா சொல்லலண்ணே நீங்க.