மல்லாவி வகுப்புக்கு ஒரு உதவி வேண்டும்

வணக்கம். மல்லாவியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பொருளெல்லாம் பிரிக்கமுடியாத அணுக்களால் ஆனது என்று 1808இல் வந்த தாற்றனின் அணுக்கொள்கையை வைத்து, தாக்கத்தில் மொத்தத் திணிவு மாறாது என்ற திணிவுக் காப்பு விதியைச் சுலபமாக விளக்கிவிட்டேன். பல்விகிதசம விதியும் சரி: 12 கிராம் காபனோடு 16 கிராம் ஒட்சிசன் சேர்ந்தால் காபனோரொட்சைட்டு, 32 சேர்ந்தால் காபனீரொட்சைட்டு. அரை அணு கிடையாதே, அதனால்தான் 1:2. சைக்கிள் கடை நட்டு, போல்ட்டே போதுமாக இருந்தது.

சிக்கல், வாயுக்கள் எளிய முழுவெண் கனவளவு விகிதத்தில் சேரும் என்ற கேலுசாக் விதியில். இரண்டு கனவளவு ஐதரசனும் ஒரு கனவளவு ஒட்சிசனும் இரண்டு கனவளவு நீராவி தருகின்றன. சம கனவளவில் சம எண்ணிக்கைத் துணிக்கைகள் என்றால், ஒரு ஒட்சிசன் துணிக்கை இரண்டு நீர்த் துணிக்கைகளுக்குப் பிரிய வேண்டுமே. "அப்போ ஒட்சிசன் அணு பாதியாகுமா, சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். தாற்றனே மாட்டிக்கொண்ட இடம் அது! ஒட்சிசன் துணிக்கை தனி அணு அல்ல, இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு, பிரிவது அதுதான் என்று அவகாதரோ 1811இல் சொன்ன விடையைப் பாடமாக்க வைக்க மனமில்லை. ஆய்வுகூடம் இல்லாமல் செய்துகாட்ட வழி தெரிந்தால் எழுதுங்கள். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் யாரிடமாவது நீரை மின்சாரத்தால் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் மின்பகுப்புக் கருவி இரவல் கிடைக்குமா? நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.