நாலு வருடமாகியும் இறக்கை முடியவில்லை, என்ஜினை இப்போதே வாங்கி வைக்கலாமா?

பாதிச்சிறகு:
வணக்கம். வீட்டிலேயே கட்டும் குட்டி விமானம், அலுமினியக் கிட், வால்பகுதியில் ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. இடது இறக்கை முடிந்தது, வலது இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. இறக்கைக்குள் வரும் எரிபொருள் டேங்குக்கான உதிரிபாகம் ஐந்து மாதமாக வரவில்லை. "எப்போ பறக்கும்?" என்று கேட்பதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள், கேட்டதைவிட அதுதான் வலிக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் என்ஜினையும் காக்பிட் திரைகளையும் வாங்கிவிட்டால் கொஞ்சம் தெம்பு வருமே?

பழைய ரிவெட்:
வேண்டாம் தம்பி. ஓடாத என்ஜின் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். சிலிண்டர் சுவர், கேம்ஷாஃப்ட் இரண்டுமே ஆபத்து. பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அடைப்பான் மாட்டி, அதன் நீலம் வெளிறுகிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திரைகள் இன்னும் மோசம், மாட்டும்போதே பழைய மாடலாகியிருக்கும்.

அவசரத்தைப் பற்றி என் கதை ஒன்று. தகடுகளை இணைக்கும் 3.2 மிமீ ரிவெட்டை அடித்தால், மறுபக்கம் நசுங்கி உருவாகும் பின்தலை சுமார் 4.8 அகலம், 1.6 உயரம் வர வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு, இந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் தூக்கம் என்று நின்றேன், பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டியான பக்கிங் பார் வழுக்கித் தலை சரிந்தது. காலையில் பார்க்கலாம் என்று விட்டிருக்கலாம், அந்த ரிவெட்டைக் குடைந்தெடுக்க உடனே டிரில்லை எடுத்தேன். முனை விலகித் துளை முட்டை வடிவமாகிவிட்டது. அடுத்த அளவான 4 மிமீ போடலாமென்றால், துளையின் நடுவிலிருந்து விளிம்புவரை விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 8 மிமீ தகடு இருக்க வேண்டும், அங்கே இல்லை. இறக்கையின் குறுக்குச் சட்டமான ரிப்பையே தூக்கிப்போட்டேன். ஒரே ஒரு ரிவெட், மூன்று வாரம்!

இழைநார்:
நான் ஃபைபர் ஆள், இழைத்துணியில் எப்பாக்சிப் பிசின் பூசி விமானம் கட்டுகிறவன். எங்களிடம் அவசரம் செல்லவே செல்லாது, எப்பாக்சியில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்தால் கடைசிவரை மெத்தென்றே கிடக்கும். ஒரே கப்பில் நிறையக் கலந்தால் கையிலேயே கொதித்துப் புகையும் (கேட்காதீர்கள்).

டேங்க் வந்ததும் இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் முழுசாக இறுகவிட்டு, காற்றடைத்து, காற்றுக் குழாயான வென்ட்டில் பலூன் கட்டிச் சோதிப்பீர்கள் அல்லவா? இரவுக் குளிரில் பலூன் சுருங்கும், உடனே கசிவு என்று பிரித்துவிடாதீர்கள். மறுநாள் சூடேறியதும் பழையபடி உப்பினால் டேங்க் நன்றாகத்தான் இருக்கிறது. சோப்புத் தண்ணீரும் தடவிப் பாருங்கள்.

ஓடுபாதை:
எல்லோரும் பொறுமை பொறுமை என்கிறார்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பாகம் வரவில்லை என்று நான் எட்டு மாதம் ஷெட் பக்கமே போகவில்லை. திரும்பிப் போனபோது எந்த போல்ட்டுக்கு டார்க் வைத்தேன் (குறித்த அளவுக்கு இறுக்கினேன்), எதை விரலால் மட்டும் முறுக்கினேன் என்று சுத்தமாக நினைவில்லை. எல்லாவற்றையும் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து. இப்போது முறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து தகடுவரை பெயின்ட் கோடு, அன்றைக்கே ஒரு போட்டோ. பாகம் வராவிட்டால் என்ன சார், தினமும் கால்மணி நேரம் போய் நாலு துளைக்குப் பிசிராவது எடுங்கள்.

பாதிச்சிறகு:
சரி, என்ஜின் பேச்சை விட்டுவிட்டேன். அண்ணன் எழுதியதைப் படித்ததும் போய், முடிந்துவிட்டதாக நினைத்த இடது இறக்கையை ரிவெட் தலை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஒரே வரிசையில் மூன்று தலை சரிந்திருக்கிறது. இப்போது மணி பத்தரை, டிரில்லைத் தொடவில்லை, மூன்றையும் மார்க்கரால் வட்டமிட்டுவிட்டு ஷெட்டைப் பூட்டிவிட்டேன்.